டேபிள் பாமுக்குக் கல் உப்பு

எங்கள் வீட்டு ஹாலில் ஒரு செடி இருக்கிறது. நர்சரிக்காரர் அதை டேபிள் பாம் என்றார். பெயர்தான் பெரிது, ஆள் என் முழங்கால் உயரம்கூட இல்லை. வாங்கும்போது ஒரே தொட்டியில் ஏழு மெல்லிய தண்டு, ஒவ்வொன்றின் தலையிலும் நாலைந்து குட்டி மட்டை, மட்டைக்கு இரண்டு பக்கமும் சீப்புப் பல் மாதிரி ஓலை. திருநள்ளாறு போகிற சாலையில் ஒரு நர்சரியில் பார்த்தேன். மகளைப் புதுச்சேரியில் கல்லூரி விடுதியில் விட்டுவிட்டு வந்த வாரம் அது. வீடு வெறிச்சென்று கிடந்தது. "வீட்டுக்குள்ளயே வளருமா?" என்று நாலு தடவை கேட்டதில் அந்த மனிதருக்கே சலிப்புத் தட்டிவிட்டது.

"வளரும்மா. தண்ணிய ஊத்தி ஊத்திக் கொன்னுடாதீங்க, அது போதும்" என்றார்.

அதை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். மேல் மண்ணை விரலால் தொட்டுப் பார்ப்பேன். காய்ந்திருந்தால் ஒரு சொம்பு. ஈரமிருந்தால் ஒரு சொட்டுக் கிடையாது. வெளிச்சம் வரவேண்டும், வெயில் நேரே விழக்கூடாது என்று வடக்கு ஜன்னலோரம் வைத்தேன். சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் ஈரத்துணியால் ஓலை ஓலையாகத் துடைப்பேன். எங்கள் போர் தண்ணீர் வேறு உப்பு. கடல் இருக்கிற ஊரில் அது எங்கே போகும்? முதல் மாதம் அதை ஊற்றியதில் ஓலை நுனி பழுப்பாகிவிட்டது. அதிலிருந்து அதற்குக் குடிக்கிற கேன் தண்ணீர்தான்.

"நான் போர் தண்ணியில குளிச்சுக் குளிச்சு மண்ட வழுக்கையாகி நிக்கிறேன். செடிக்குக் கேன் தண்ணியா!" என்பார் என் கணவர்.

"உங்களுக்கு இனிமே ஊத்தியும் வளரப்போறதில்ல" என்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இதை நானே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் மற்றவர்கள் சொல்வார்கள்.

இந்த நிலைமையில்தான், போன பங்குனியில், என் மாமனார் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

மாமனார் என்று எழுதிவிட்டேனே தவிர, அவரை நான் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. நான் காரைக்கால் டவுனில் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். கணவர் குரும்பகரத்தில் நெல் விவசாயம் செய்கிற இந்துக் குடும்பம். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டோம். என் வீட்டில் ஆறு மாதம் மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்துவிட்டு, மகள் பிறந்ததும் இறங்கி வந்துவிட்டார்கள். மாமனாரோ, எனக்கு இனிமேல் ஒரே பிள்ளைதான் என்று சொல்லிச் சின்ன மகனைத் தலைமுழுகிவிட்டார். மாமியார் மட்டும் அவருக்குத் தெரியாமல் பஸ் ஏறி வந்து, ஒரு பை கத்தரிக்காயைக் கொடுத்துவிட்டு, பேத்தியைக் கொஞ்சிவிட்டுப் போவார். மாமியார் இறந்தபோது, அம்மாவுக்குக் கொள்ளி வைப்பது கடைசிப் பிள்ளை என்பதால் மாமனார் என் கணவருக்கு ஆள் அனுப்பினார். அதிலிருந்து அப்பாவும் மகனும் பேசிக்கொண்டார்கள். என்னோடு பேச்சு இல்லை. திட்டியதும் இல்லை, சொல்லப்போனால். அதுகூடத் தேவலையாக இருந்திருக்கும்.

குரும்பகரத்தில் அவர் மூத்த மகனோடு இருந்தார். அந்தப் பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்ட ஆரம்பித்தார்கள். சிமெண்டுத் தூசியில் இவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. கணவரின் அண்ணன் ஒரு நாள் காரில் கொண்டுவந்து விட்டுவிட்டு, "ஆவணியில கிரகப்பிரவேசம். வந்து கூட்டிக்கிட்டுப் போயிடுறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். மகளின் அறையை ஒழித்துக் கொடுத்தோம்.

அப்புறம் ஆரம்பித்தது கூத்து. அவருக்கு ஏதாவது வேண்டுமென்றால் மின்விசிறியைப் பார்த்துச் சொல்வார். "ஒரு வாய் காப்பி குடிச்சா தேவல." நான் விடுவேனா? "காப்பி டேபிள்ல இருக்கு" என்று சுவரில் தொங்குகிற காலண்டருக்குத் தகவல் சொல்வேன். கணவர் பாடு மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. "ரெண்டு பேரும் பேசிக்கிறதுக்கு ஃபேனும் காலண்டரும் பேசிக்கிட்டா சீக்கிரம் முடியும்" என்றார் ஒரு நாள்.

நானும் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது. அவருக்கு வயது எழுபத்தெட்டு. புது வீட்டுக்குப் போய்விட்டால் இங்கே திரும்ப வந்து தங்கப்போவதில்லை. இந்த ஐந்து மாதத்துக்குள், ஆவணிக்குள், இந்த மனிதர் என்னை மருமகள் என்று நினைத்து ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும். பேசாவிட்டால் போகட்டுமே என்று என் தங்கையிடம் போனில் அலட்டிக்கொள்வேன். அது வெறும் வீம்பு. எனக்கு அது வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அது ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம். மற்றவர்கள் கறி மீனைத் தொடாமல் ஒறுத்தல் செய்வார்கள். நான் கோபத்தை ஒறுப்பதாக நேர்ந்துகொண்டிருந்தேன். பெரிய புதன் வரை எப்படியோ ஓட்டிவிட்டேன்.

அன்றைக்கு ஆபீஸிலிருந்து வந்தவள் கைப்பையைக்கூட வைக்கவில்லை, செடி கண்ணில் பட்டது. ஓலை நுனியெல்லாம் தீய்ந்திருந்தது. இரண்டு தண்டு தலை சாய்ந்துவிட்டது. மேல் மண்ணில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. விரலை விட்டுக் கிளறினால் நறநறவென்றது. நாக்கில் வைத்துப் பார்த்தேன். சேசுவே! கல் உப்பு. நாலைந்து நாளாகச் சமையலறை ஜாடியில் உப்பு இறங்கிக்கொண்டே போனது ஞாபகம் வந்தது. பாவி, நான் வேலைக்கு வருகிற அக்காவைச் சந்தேகப்பட்டிருந்தேன்.

"என்னங்க! இதுல யாரு உப்பக் கொட்டுனது?"

கணவர் சட்டையை மாட்டியபடியே ஓடிவந்தார். அவர் முழித்த முழியிலேயே அவர் இல்லை என்று தெரிந்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாமனார் மின்விசிறியைப் பார்த்து, "தென்ன சாதிக்கு உப்பு வச்சாதான் வேரு ஓடும்" என்றார்.

எங்கள் பக்கம் தென்னம்பிள்ளை நடும்போது குழியில் கல் உப்புப் போடுவது வழக்கம். வளர்ந்த மரத்துக்கும் தூரில் உப்பு வைப்பார்கள். தோப்பில் ஆழக் குழி, மணல், மழை என்று எல்லாம் இருக்கும். உப்பு கரைந்து போய்விடும். இது ஒரு சாண் தொட்டி. ஒரு ஜாடி உப்பு!

"இது தென்ன மரமா? பாத்தா தென்ன மரம் மாதிரியா இருக்கு?" என் தவம், நேர்த்தி எல்லாம் காற்றில் போயிற்று. "உப்புத் தண்ணி ஆகாதுன்னு கேன் தண்ணி ஊத்தி நான் வளக்குறேன், நீங்க ஜாடியோட கொட்டி வச்சிருக்கீங்க! கேக்க வேணாமா? வாயத் தொறந்து ஒரு வார்த்த கேட்டா முத்து உதுந்துடுமா? இது ஒண்ணும் உங்க தோப்பு இல்ல. இது என் வீடு!"

கடைசி மூன்று வார்த்தை வெளியே வந்த பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. கணவர் என்னைப் பார்த்தார்.

மாமனார் மெல்ல எழுந்தார். இந்தத் தடவை மின்விசிறியைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். "வாடுது வாடுதுன்னு போன்ல சொன்னது காதுல விழுந்துச்சு. அதான், தேறட்டுமேன்னு வச்சேன்" என்றார். அறைக்குள் போய்விட்டார். அன்று அவர் சாப்பிட வரவில்லை. மோர்சாதமாவது கொடுங்கள் என்று கணவரிடம் கொடுத்து அனுப்பினேன். அப்படியே திரும்பி வந்தது.

நான் தங்கையிடம் போனில் சொன்னதுதான் அது. அடி மட்டை இரண்டு வெளிறிப்போச்சுடி, கவலையா இருக்கு என்று சொல்லியிருந்தேன். இந்த மனிதர் அதைக் காதில் வாங்கி வைத்துக்கொண்டு, நான் ஆபீஸ் போன பிறகு தினமும் சமையலறைக்குள் போய் ஒரு கை உப்பு எடுத்து வந்து வைத்திருக்கிறார். எனக்காக. என்னிடம் ஒரு வார்த்தை பேசாதவர், என் செடிக்கு வைத்தியம் பார்த்திருக்கிறார். நான் என்னடாவென்றால் இது என் வீடு என்று சொல்லிவிட்டேன். அடுப்படியில் நின்று அழுதேன்.

பாத்திரம் துடைக்க வந்த கணவர், "உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க" என்றார். கையிலிருந்த கரண்டியை ஓங்கினேன். அழுகையோடு சிரிப்பும் வந்து தொலைத்தது.

பெரிய வெள்ளியன்று கோவிலில் சிலுவைப்பாதை. பதினாலு ஸ்தலத்திலும் எனக்கு உப்பும் ஓலையும்தான் தெரிந்தது. வெளியே வந்ததும் நர்சரிக்காரருக்குப் போன் போட்டேன்.

"உப்பா? செடிக்கா?" என்று அவர் சிரித்த சிரிப்பில் போனைத் தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. பிறகு வழி சொன்னார். மண் மொத்தத்தையும் தட்டிவிட்டு, வேரை நல்ல தண்ணீரில் அலசி, ஆத்துமணலும் மக்கின எருவும் கலந்த புது மண்ணில் வைக்க வேண்டும். தீய்ந்த ஓலையை வெட்டலாம். "நடுக் குருத்துல மட்டும் கத்திரிய வச்சிடாதீங்க. குருத்து போனா அந்தத் தண்டு போச்சு. ஒரு குருத்து புதுசா வந்துட்டா செடி தேறிடுச்சுன்னு வச்சுக்கங்க."

மறுநாள் காலையில் தொட்டியை மொட்டைமாடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கவிழ்த்துத் தட்டுகிறேன், தட்டுகிறேன், வரமாட்டேன் என்கிறது. படியில் காலடிச் சத்தம். மாமனார் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்தார். முழங்கால் படக் படக்கென்று சொடுக்க என் எதிரே உட்கார்ந்தார். என் கையிலிருந்து தொட்டியை வாங்கி, அடியில் உள்ளங்கையால் இரண்டு தட்டு. மண்ணோடு வழுக்கிக்கொண்டு வந்தது.

நான் கேனைச் சாய்த்து ஊற்ற, அவர் வேரை விரல்களில் ஏந்தி அலசினார். அவ்வளவு பெரிய கைக்குள் அந்த வேர் ஒரு பிடி நூல் மாதிரி இருந்தது.

"வேரு இவ்ளோதானா?" என்று கேட்டார். நிமிர்ந்து, என்னைப் பார்த்து.

"இவ்ளோதான். வீட்டுக்குள்ள வளர்றதுல்ல" என்றேன்.

"பாவம்" என்றார். "நான் கெடுத்துட்டேன்."

"நானும் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது."

"கத்துனது சரிதான்" என்றார். "என் வயல்ல எவனாச்சும் கேக்காம உப்பக் கொட்டியிருந்தா, நான் மம்பட்டியத் தூக்கியிருப்பேன்."

இரண்டு பேருமே சிரித்துவிட்டோம். ஏழு தண்டில் மூன்று போய்விட்டது. மிச்சம் நாலையும் புது மண்ணில் வைத்தோம். கீழே வந்தபோது கணவர் காலிக் கேன்களைப் பார்த்து, "ரெண்டு கேனா!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். "ஒனக்கென்னடா போச்சு?" என்றார் அவர் அப்பா. இந்த வீட்டில் எனக்காக அவர் பேசிய முதல் பேச்சு.

அதற்குப் பிறகு செடி அவர் பொறுப்பாகிவிட்டது. நான் சொன்ன விரல் கணக்கு அவருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. "காஞ்சாத்தான் தண்ணியா? நெல்லுக்கு இப்படிப் பண்ணா வெளங்கும்" என்று முணுமுணுப்பார். "அது நெல்லு இல்ல" என்பேன். "தென்னையும் இல்ல, நெல்லும் இல்ல. அப்ப அது யாருதான்?" என்பார். ஆனாலும் ஒரு நாள்கூட விரல் வைத்துப் பார்க்காமல் ஊற்றியதில்லை. கோடை மழை பெய்த அன்று, மழைத் தண்ணீரில் உப்பு கிடையாது என்று சொல்லி, வீட்டிலிருந்த வாளி, குடம், என் பிரியாணி அண்டா எல்லாவற்றையும் மொட்டைமாடியில் வரிசையாக வைத்துவிட்டார். ஓலையைத் தன் தோள் துண்டால்தான் துடைப்பார். தூசி தெரிந்தால் அந்தத் துண்டை என்னிடம் விரித்துக் காட்டுவார்.

நான் ஆபீஸிலிருந்து வந்து காப்பியோடு உட்கார்ந்ததும் அன்றைய நிலவரம் சொல்வார். இன்றைக்கு மண் ஈரமாகத்தான் இருக்கிறது. கிழக்குப் பக்கத்துத் தண்டில் ஒரு மட்டை பழுத்திருக்கிறது. அப்படியே பேச்சு கருக்களாச்சேரியிலிருந்து கூடையோடு வருகிற அம்மா கொண்டுவந்த மீனுக்குப் போகும், பேத்தியின் பரீட்சைக்குப் போகும். சொல்ல எனக்கு வெட்கமில்லை: சாயங்காலம் ஆனால் அந்தப் பேச்சுக்காகவே வீட்டுக்கு ஓடிவருவேன். என் அப்பா போன பிறகு என் வரவைப் பார்த்து யாரும் உட்கார்ந்திருந்ததில்லை. ஆனால் அவர் என்னை இன்னும் ஒன்றும் சொல்லிக் கூப்பிடவில்லை. நீ என்றும் இல்லை, அம்மா என்றும் இல்லை, மொட்டையாகத்தான் பேசுவார். நானும் கூப்பிடவில்லை. முதலில் அவர் கூப்பிடட்டும் என்று இருந்தேன். யார் விட்டார்கள் இந்த வீம்பை?

ஆடி முடியப்போகிற சமயம். ஒரு காலையில் காப்பி கொண்டுபோனபோது அவர் செடிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பேசாமல் விரலால் காட்டினார். பின்பக்கத் தண்டின் நடுவில், ஊசி மாதிரி, வெளிர்பச்சையில் ஒரு குருத்து. நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

"பொழச்சிருச்சு" என்றார்.

ஆமாம் என்றேன். அந்தச் சந்தோஷத்தின் நடுவிலேயே மனசு நாளைக் கணக்குப் போட்டது. ஆவணி பிறக்கப்போகிறது. செடி தேறிவிட்டது. இனி அவரை இங்கே பிடித்துவைக்க என்ன இருக்கிறது?

பத்து நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பத்திரிகையும் வெற்றிலைபாக்குத் தட்டுமாகக் கணவரின் அண்ணன் வருவதாகப் போன் வந்தது. பூசைக்குப் போய்விட்டு வந்தவள், யாரும் பார்க்காத நேரத்தில் தொட்டியைத் திருப்பி, குருத்து சுவர்ப் பக்கம் இருக்கும்படி வைத்தேன். ஏன் செய்தேன் என்று கேட்டால் அப்போது எனக்குத் தெளிவாகச் சொல்லத் தெரிந்திருக்காது. அடுப்படிக்குப் போய்த் திரும்பி வந்து பார்த்தால், தொட்டி இன்னும் ஒரு சாண் தள்ளித் திரைச்சீலைக்குப் பின்னால் போயிருந்தது. கணவரின் வேலை என்று நினைத்தேன்.

அண்ணன் வந்தார், பத்திரிகை வைத்தார், காப்பி குடித்தார். "வியாழக்கிழமை கிரகப்பிரவேசம். அப்பா, துணிமணிய எடுத்து வைங்க. கார் கீழ நிக்குது" என்றார்.

மாமனார் அசையவில்லை. "செடி இன்னும் தேறலடா" என்றார்.

"எந்தச் செடி?"

"நான் உப்பு வச்சுக் கெடுத்த செடி."

அண்ணனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்னம்மா சொல்றாரு?" என்று என்னைப் பார்த்தார். நான் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்து இருபத்துநாலு மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. "ஆமாங்க. உப்பு ரொம்பத் தாக்கிடுச்சு. இன்னும் ஒரு குருத்துகூட விடல" என்றேன். என் கணவர் திரும்பி ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அவர் தோள் குலுங்கியது.

"ஒரு செடிக்காகவாப்பா? பெரியவன் புது வீடு கட்டியும் அப்பன் போயி இருக்கலன்னா ஊருல என்ன பேசுவாங்க?"

"கிரகப்பிரவேசத்துக்கு வந்து மொத மனையில உக்காருறேன். எவன் பேசுறான் பாப்போம். நான் கெடுத்தத நான்தானே தேத்தணும்? அங்க நெனச்சப்ப வருவேன், போ" என்றார் மாமனார். அதற்கு மேல் அண்ணனால் வாதாட முடியவில்லை. கோபமும் படவில்லை, போகும்போது திரைச்சீலைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கருகிய மட்டையைப் பார்த்து, "கஷ்டம்தான்" என்று தலையாட்டிவிட்டுப் போனார். அவரை வழியனுப்பக் கணவர் கீழே இறங்கினார்.

ஹாலில் நானும் மாமனாரும்.

"குருத்து விட்டுப் பத்து நாளாச்சு" என்றேன்.

"தெரியும். திரைக்குப் பின்னால தள்ளி வச்சதே நான்தான்."

"பின்ன ஏன் பொய் சொன்னீங்க?"

"நீ ஏன் சொன்ன?"

நீ. இருபத்திரண்டு வருடத்தில் முதல் நீ. வீம்பாவது ஒன்றாவது! "நீங்க போயிடக் கூடாதுன்னுதான். வேற எதுக்கு?" என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போதே குரல் உடைந்தது.

அவர் துண்டை எடுத்து உதறி மறுபடி தோளில் போட்டுக்கொண்டார்.

"வியாழக்கிழமை மூணு பேருமாப் போவோம்" என்றார். "பந்தி முடிஞ்சதும் மூணு பேருமா வீட்டுக்கு வந்துருவோம்."

"நானுமா?" அந்த வீட்டு வாசலை மாமியார் சாவுக்கு மட்டும்தான் மிதித்திருக்கிறேன். அன்றைக்கும் பந்தலுக்கு வெளியிலேயே நின்றிருந்தேன். "அங்க எல்லாரும் இது யாருன்னு கேப்பாங்களே."

"எம் மருமவள்னு நான் சொல்லிக்கிறேன்" என்றார். "நீ வாயத் தொறக்காத. ஊரு தாங்காது."

"சரிங்க மாமா" என்றேன்.